சாமய, சமகிய: இலங்கை பெயர் வைத்த விண்மீன் யாழ்ப்பாணத்தில் தெரியுமா?

வடமராட்சியான்
2025 செப்டெம்பர் 9, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். மகளின் பாடசாலை ஒப்படை ஒன்றுக்காக இணையத்தைக் கிண்டிக்கொண்டிருந்தபோது ஒரு சங்கதி அகப்பட்டது. தூரத்து விண்மீன் ஒன்றுக்கும் அதைச் சுற்றுகிற பெருங்கோள் ஒன்றுக்கும் இலங்கை பெயர் வைத்திருக்கிறது. 2019இல் நடந்த வேலை. எனக்கு நேற்றுத்தான் தெரியும். உங்களில் யாருக்காவது முதலே தெரியுமா?

சர்வதேச வானியல் ஒன்றியம் தொடங்கி நூறு வருடம் ஆனதைக் கொண்டாட, நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு ஆளுக்கொரு விண்மீனைப் பிரித்துக் கொடுத்து, நீங்களே பெயர் வையுங்கள் என்று விட்டிருக்கிறார்கள். எங்கள் பங்குக்கு வந்தது எச்டி 205739. அதுவரை கரண்ட் மீற்றருக்கு இருப்பது போல வெறும் இலக்கம்தான் அதற்கு. இப்போது விண்மீனின் பெயர் ‘சாமய’, கோளின் பெயர் ‘சமகிய’. இரண்டும் சிங்களச் சொற்கள். முதலாவது சமாதானம், மற்றது ஒற்றுமை.

கோள் வியாழனைவிடத் திணிவு கூடியது. விண்மீன் எங்களிடமிருந்து ஏறத்தாழ 300 ஒளியாண்டு தூரத்தில், தென்மீன் கூட்டத்தில் இருக்கிறது. இவ்வளவையும் வாசித்துக் காட்டிய பிறகு மகள் கேட்டாள்: “அது எங்கட முற்றத்தில நிண்டு பாத்தா தெரியுமோ?” எனக்குப் பதில் தெரியவில்லை. ஒப்படை திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.


பனங்காய்ப்பணியாரம்
செப்டெம்பர் 9, இரவு 9.58

சமாதானம் 300 ஒளியாண்டு தள்ளி இருக்கிறது என்று விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்களா? நான் இன்னும் கிட்ட என்று நினைத்திருந்தேன்.


கிடுகுவேலி
செப்டெம்பர் 10, காலை 6.15

பகிடி இருக்கட்டும். இரண்டு பெயர் வைக்க இடம் கிடைக்கிறது. இரண்டு மொழி உள்ள நாடு. விண்மீனுக்கு ஒன்றைச் சிங்களத்தில், கோளுக்கு ஒன்றைத் தமிழில் வைத்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? ஒற்றுமை என்ற சொல்லையே ஒரு மொழியில் மட்டும் சொல்லி வைத்திருக்கிறார்கள். எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

நான் ஊரை விட்டுக் கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து முப்பத்து நாலு வருடம். அங்கே படிவத்திலும் பெயர்ப்பலகையிலும் பார்த்த அதே கதை இப்போது தென்மீன் கூட்டம் வரைக்கும் போய்விட்டது.


அராலிச்சந்தி
செப்டெம்பர் 10, காலை 7.30

கிடுகுவேலி அண்ணை, உங்கள் கோபம் விளங்குகிறது. போட்டி விதிகளைத் தேடி வாசித்தேன். விண்மீனுக்கும் கோளுக்கும் ஒரே கருப்பொருளில் பெயர் இருக்க வேண்டும், பிறகு அங்கே இன்னொரு கோள் அகப்பட்டாலும் அதே வரிசையில் வைக்கத் தக்கதாக. ஆங்கில எழுத்தில் 4 முதல் 16 எழுத்துக்குள். முடிந்தால் ஒரே சொல். உயிரோடு இருப்பவர் பெயர் கூடாது. அரசியலாலோ இராணுவத்தாலோ மதத்தாலோ பெயர் எடுத்தவர்களின் பெயரும் கூடாது. இந்தக் கடைசி விதி ஒன்றே போதும், எங்கள் ஊரில் தெருவுக்குப் பெயர் வைக்கிற ஆட்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மற்ற நாடுகள் என்ன வைத்தன என்றும் பார்த்தேன். இந்தியாவின் விண்மீன் ‘பிபா’. வங்காளத்துப் பெண் பௌதிகவியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக. கோள் ‘சந்தமச’, சமஸ்கிருதம். அங்கேயும் எங்கள் மொழி இல்லை. பாகிஸ்தான் ‘ஷமா’, ‘பர்வானா’ என்று வைத்திருக்கிறது: விளக்கும் விட்டிலும். எனக்கு அதுதான் பிடித்தது. விண்மீன் விளக்கு, சுற்றிச் சுற்றி வருகிற கோள் விட்டில். நேபாளத்தின் விண்மீன் ‘சாகர்மாதா’, எவரெஸ்டுக்கு அவர்கள் சொல்கிற பெயர்.

இன்னொன்று. தமிழில் சாமம் என்றால் நடு இரவும்தானே. ‘சாமய’ என்று முதலில் பார்த்தபோது சாமத்தில் தெரிகிற விண்மீன் என்றுதான் நான் நினைத்தேன்.


கிடுகுவேலி
செப்டெம்பர் 10, காலை 7.52

விளக்கும் விட்டிலும் வடிவு. அப்படிச் சோடிச் சொல் எங்களிடம் இல்லையா?


பனங்காய்ப்பணியாரம்
செப்டெம்பர் 10, காலை 8.04

ஏன் இல்லை? செக்கு, மாடு. விண்மீன் செக்கு, கோள் மாடு. 280 நாளைக்கு ஒரு சுற்று. எண்ணெய் மட்டும் வராது.


மட்டுறுத்துநர்
செப்டெம்பர் 10, பகல் 1.20

இந்த இழையில் மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. பெயரைப் பற்றிக் கதையுங்கள், ஆளையாள் ஏச வேண்டாம். அரசியலுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. செக்கும் மாடும் இருக்கலாம்.


துலாமிதி
செப்டெம்பர் 10, மாலை 5.45

தம்பி வடமராட்சியான், முதலில் பிள்ளைக்குப் பதில். வெறுங்கண்ணுக்குத் தெரியாது. விண்மீனின் வெளிச்ச அளவைப் பருமன் என்போம். நல்ல இருட்டில் கண் பிடிக்கிற மங்கலான எல்லை 6ஆம் பருமன். சாமயவின் பருமன் 8.6 அளவு. பருமன் ஒன்று கூடினால் வெளிச்சம் இரண்டரை மடங்கு குறையும். ஆக, கண்ணுக்குத் தெரிகிற கடைசி விண்மீனைவிட இது இன்னும் பத்து மடங்கு மங்கல். ஆனால் சின்னத் தொலைநோக்கிக்குத் தெரியும். நாடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தபோதே, அந்தந்த நாட்டில் நின்று சின்னத் தொலைநோக்கியில் பார்க்கக் கூடியதாகத்தான் தெரிந்து கொடுத்தார்கள்.

கோள் வேறு விஷயம். அதை இன்றுவரை ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. படமும் இல்லை. இணையத்தில் வருகிற நிறம் தீட்டிய படங்கள் எல்லாம் கற்பனை.

பிறகு எப்படி இருக்கிறது என்று சொல்கிறார்கள்? உயர்தரப் பெடியளுக்கு முப்பத்திரண்டு வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். கரும்பலகை இல்லாமல் சொல்வது கஷ்டம். துலாவை, அதுதான் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற நீட்டு மரத்தை, வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

எங்கள் தோட்டக் கிணற்றில் துலா இருந்த காலம். ஐயா துலா மிதிப்பார், அண்ணன் பட்டை பிடித்து இறைப்பார். ஆடுகாலுக்குப் பக்கத்தில் ஐயா இரண்டு எட்டு முன்னுக்கு, இரண்டு எட்டுப் பின்னுக்கு வைப்பார். அவ்வளவுதான். அந்தப் பக்கம் துலாக்கொடியில் தொங்குகிற, தண்ணீர் அள்ளுகிற பட்டை கிணற்றின் அடிவரை போய்வரும். நான் வரம்பில் இருந்து பார்ப்பேன். கிணற்றுக்கட்டு மறைப்பதால் பட்டை எனக்குத் தெரியாது. ஆனால் ஐயாவின் தலை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தே பட்டை ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடுவேன். சாமய என்பது ஐயா. சமகிய என்பது பட்டை.

கோள் விண்மீனைச் சுற்றுகிறது என்று சும்மா சொல்கிறோம். உண்மையில் இரண்டும் சேர்ந்து ஒரு பொதுப் புள்ளியைச் சுற்றுகின்றன. சாமய சூரியனைப் போல 1.2 மடங்கு திணிவு. பாரமான பக்கம் என்பதால் அந்தப் புள்ளி அதன் உடம்புக்குள்ளேயே, நடுவிலிருந்து ஒன்றரை இலட்சம் கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. அதைச் சுற்றி விண்மீன் ஆடுகிற வேகம் செக்கனுக்கு 40 மீற்றர் மட்டில். மணிக்கு 140 கிலோமீற்றர் சொச்சம். யாழ்தேவி றெயில் வன்னிக்குள் ஓடுகிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். எங்கள் வியாழன் சூரியனை ஆட்டுகிற வேகம் இதில் மூன்றில் ஒரு பங்கும் வராது, 12.5 மீற்றர். சமகிய தன் விண்மீனுக்குக் கிட்ட இருப்பதால் இந்த ஆட்டம்.

அவ்வளவு தூரத்தில் ஒன்று றெயில் வேகத்தில் ஆடுவதை எப்படிப் பிடிப்பது? அதற்கும் றெயில்தான் உதாரணம். கடவையில் நிற்கிறீர்கள். கூவிக்கொண்டு கிட்ட வரும்போது சத்தம் உச்சத்தில் கேட்கும், தாண்டியதும் சட்டென்று இறங்கும். ஒளியும் அப்படியே. விண்மீன் எங்கள் பக்கம் வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகும்போது சிவப்புப் பக்கம். செக்கனுக்கு 40 மீற்றருக்கு அந்த நகர்வு 75 இலட்சத்தில் ஒரு பங்கு. வெறும் கையால் அளக்கிற காரியமில்லை. தொலைநோக்கிக்குள் வருகிற ஒளியை அயடீன் ஆவி அடைத்த கண்ணாடிக் குழாய் ஒன்றுக்குள்ளால் விடுவார்கள். அயடீன் தன் சொந்தக் கோடுகளை அதே நிறமாலையில் பதித்துவிடும். அவை அடிமட்டத்து மில்லிமீற்றர் கோடுகள் மாதிரி. அவற்றை வைத்து விண்மீனின் கோடு எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். பிள்ளைகள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தால் பூசுகிறோமே, அதே அயடீன்தான்.


ஒளியாண்டு
செப்டெம்பர் 10, இரவு 10.30

மாஸ்ரர், துலாவை நான் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பல்கலைக்கழகத்தில் எங்களுக்கு இதே பாடத்தை ஒரு கிழமை நடத்தினார்கள். பட்டையும் வரவில்லை, ஐயாவும் வரவில்லை.

கண்டுபிடிப்பு 2008இல் வெளிவந்தது. மெர்சிடிஸ் லோப்பஸ்-மொறாலெஸ் தலைமையிலான குழு. சிலி நாட்டு லாஸ் கம்பனாஸ் மலையில், 6.5 மீற்றர் ஆடி உள்ள மகெலன் தொலைநோக்கியில் செய்த அவதானிப்பு. எச்டி 154672 என்ற இன்னொரு விண்மீனின் கோளையும் சேர்த்து ஒரே கட்டுரையில் அறிவித்தார்கள்.

சமகியவின் பாதைதான் எனக்குப் பிடித்த பகுதி. சராசரித் தூரம் பூமி சூரியன் தூரத்தில் 0.9 மடங்கு. ஆனால் வட்டம் நன்றாகவே நசிந்த வட்டம். கிட்ட வரும்போது 0.65, தூரப் போகும்போது 1.14. எங்கள் சூரியனைச் சுற்றி அதை விட்டால் ஒரே சுற்றில் வெள்ளியின் பாதைக்கும் உள்ளே வந்து, பூமியின் பாதைக்கும் வெளியே போய்வரும். வியாழன் அளவுச் சாமான் அப்படி ஓடினால் எங்கள் பூமி இந்த இடத்தில் நிலைத்திருக்காது.

திணிவு வியாழனைப் போல 1.37 மடங்கு, பூமியைப் போல 435 மடங்கு. இது குறைந்தபட்சக் கணக்கு. மாஸ்ரர் வரம்பில் எங்கே இருந்து பார்த்தார் என்பதைப் பொறுத்த விஷயம் இது. துலாவுக்குப் பக்கவாட்டில் இருந்தால் ஐயாவின் முழு ஆட்டமும் தெரியும். துலாவுக்கு நேரே, நுனிப் பக்கம் போய் இருந்தால் அவர் நகர்வதே தெரியாது. சாமயவை எந்தச் சாய்வில் பார்க்கிறோம் என்று, மாஸ்ரர் சொன்ன கோட்டு நகர்வை அளக்கிற டொப்ளர் அளவீடு சொல்லாது. பக்கவாட்டிலிருந்து விலகிச் சாய்வு கூடக் கூட உண்மைத் திணிவும் கூடும்.


நெய்தல்நிலா
செப்டெம்பர் 11, காலை 9.10

அங்கே போய் இருக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லையே.


ஒளியாண்டு
செப்டெம்பர் 11, காலை 9.45

அக்கா, இருக்க இடமில்லை. வியாழன் போல வாயுக்கோள் என்றால் காலை வைக்கத் தரை கிடையாது. அதோடு சாமய சூரியனைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஒளி வீசுகிறது. சமகிய கிட்ட வருகிற நாட்களில் எங்கள் சித்திரை வெயிலெல்லாம் குளிர்காலம். போவது என்றாலும், செக்கனுக்கு 17 கிலோமீற்றர் ஓடுகிற வொயேஜர் 1 விண்கலத்தின் வேகத்தில் போனால் 50 இலட்சம் வருடத்துக்கு மேல் எடுக்கும்.


கைராசி
செப்டெம்பர் 11, பகல் 2.05

நான் இந்தப் பகுதிக்கு வருவதில்லை, மகன் காட்டி வாசித்தேன். ஊர் ஊராகச் சைக்கிளில் போன மருத்துவிச்சி நான், இப்போது ஓய்வு. 280 நாள் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது எங்கள் கணக்கு. கடைசி மாதவிடாயின் முதல் நாளில் இருந்து 280 நாள், நாற்பது கிழமை. 28 நாளை ஒரு மாதமாகப் பிடித்தால் சரியாகப் பத்து மாதம். பத்து மாதம் சுமந்து பெற்றேன் என்று தாய்மார் சொல்வது அதைத்தான்.

அந்தக் கோளுக்கு ஒரு வருடம் அவ்வளவுதானா? அப்படி என்றால் ஒரு பிள்ளை உருவாகி முடிய அது ஒரு சுற்று வந்துவிடும். எத்தனையோ பேருக்குச் சுவரில் மாட்டிய கலண்டரில் விரல் வைத்து இந்த நாளை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்.


ஒளியாண்டு
செப்டெம்பர் 11, பகல் 2.31

அம்மா, 279.8 நாள். கிட்டத்தட்ட அதேதான். இதை ஒரு பேராசிரியரும் எங்களுக்குச் சொல்லவில்லை.


பனங்காய்ப்பணியாரம்
செப்டெம்பர் 11, மாலை 4.00

எல்லாம் சரி. சமகியப் பெயர்ச்சி பலன் எப்போது வரும்? கடக ராசிக்காரனுக்கு ஏதாவது நல்லது சொல்லுங்கோ. வியாழன் ஒன்றே இந்தப் பாடு படுத்துகிறது, அதைவிடப் பெரியது என்கிறீர்கள்.


அராலிச்சந்தி
செப்டெம்பர் 11, மாலை 6.20

பெயர்ச்சியை வாக்கியத்தில் பார்ப்பதா திருக்கணிதத்தில் பார்ப்பதா என்று முதலில் முடிவெடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கே இரண்டு கட்சி.

ஆனால் பகிடிக்கு அப்பால், எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு வானத்துக் கணக்கு புதிது இல்லை. 1829இல் வந்த சந்திர கிரகணத்துக்கு எங்கள் ஊர்ப் பஞ்சாங்கம் கணித்த நேரமும், வட்டுக்கோட்டைச் செமினரியில் இருந்த அமெரிக்க மிஷனரி டானியல் பூர் கணித்த நேரமும் ஒத்துவரவில்லை. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, மணிக்கூட்டை வைத்துச் சோதித்தார்கள். மிஷனரியின் நேரம்தான் சரி வந்தது. அந்தத் தோல்வியைப் பற்றி அராலியில் கதைத்தால் இன்றைக்கும் ஓரிரு பேருக்குப் பிடிக்காது. என்னைக் கேட்டால், அயடீன் குழாய் இல்லாமல், கவடியையும் மனப்பாட வாக்கியத்தையும் வைத்துக்கொண்டு கிரகண நேரத்துக்கு அவ்வளவு கிட்டப் போனதுதான் பெரிய காரியம்.

இன்னொரு கணக்கு. 300 ஒளியாண்டு என்றால் இன்றைக்கு வந்து சேருகிற ஒளி 1725ஆம் ஆண்டு வாக்கில் புறப்பட்டது. அப்போது யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்தது ஒல்லாந்தர். 1658இல் போர்த்துக்கேயரிடம் பிடித்தவர்கள், 1795இல் ஆங்கிலேயரிடம் விட்டுப் போனார்கள். அந்த ஒளி பாதி வழிக்கு மேல் வந்தபோதும் கோட்டையில் ஆங்கிலேயக் கொடிதான்.


நெய்தல்நிலா
செப்டெம்பர் 11, இரவு 11.15

வானத்தைப் பற்றி எழுதத் தொடங்கியதால் சொல்கிறேன். 1990க்குப் பிறகு ஐந்து வருடம் குடாநாட்டில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு லாம்பு கொளுத்த வழியில்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் சொட்டு எண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் நான் சாதாரண தரம் படித்தேன். மூக்குக்குள் கரி அடையும். படித்து முடிந்ததும் போத்தலை மூடி அணைத்துவிட்டு முற்றத்தில் பாயைப் போட்டுப் படுத்தால், அந்த வானத்தை இப்போது உள்ள பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? பால்வீதி பனை வட்டுக்கு மேலால் வெள்ளைப் புகை மாதிரிக் கிடக்கும். அம்மம்மா அதை ஆகாய கங்கை என்பா. நாங்கள் முதலில் காதைத்தான் கொடுப்போம், பொம்மர் விமானச் சத்தம் கேட்கிறதா என்று. பிறகுதான் கண்.

வேறு ஒரு விஷயத்தையும் தேடிப் பார்த்தேன். சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றுகிற முதல் கோளை மிஷேல் மேயரும் டிடியே குவெலோசும் அறிவித்தது 1995 ஒக்டோபர் 6. 51 பெகாசி பி. அதுவும் இதே ஆட்டத்தை வைத்துப் பிடித்ததுதான். 2019இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதே 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நாங்கள் ஊரோடு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பக்கம் மழைக்குள் நின்றோம். முன்னுக்கும் போக முடியாது, பின்னுக்கும் திரும்ப முடியாது. என் தலையில் ஒரு பானை, அதற்குள் சான்றிதழ்கள். அப்போது உலகத்தில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று எங்களுக்கு எங்கே தெரியும். திகதியைப் பார்த்ததும் இரண்டு நிமிடம் போனை வைத்துவிட்டு இருந்தேன்.


கிடுகுவேலி
செப்டெம்பர் 12, காலை 5.40

நிலா, நீங்கள் நின்ற அதே இடத்தில் என் அம்மாவும் நின்றவா. பெயர்ச் சண்டையை இப்போதைக்கு விடுகிறேன். முழுதாக விடவில்லை. தொலைநோக்கி ஒன்றுக்குக் காசு வேண்டும் என்றால் சொல்லுங்கோ.


வடமராட்சியான்
செப்டெம்பர் 12, காலை 8.00

அண்ணை, உங்களுக்குக் கோடி நன்றி, ஆனால் காசு அனுப்பாதேங்கோ. அந்தக் கதை எனக்குத் தெரியும். நான் படித்த பாடசாலைக்கு வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் ஒரு நல்ல தொலைநோக்கி அனுப்பினார்கள். கையளிக்கிற வைபவம், மாலை, படம் எல்லாம் நடந்தது. பிறகு ஆய்வுகூட அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயம். ஏழு வருடம் கழித்துத் திறந்தபோது வில்லையில் பூஞ்சணம் வலை பின்னியிருந்தது. திறப்பு மட்டும் புதிதாக இருந்தது.

தம்பி ஒளியாண்டு, உங்கள் நண்பர் யாரிடமாவது தொலைநோக்கி இருந்தால், நாளைச் சனி இரவுக்கு இரவல் கிடைக்குமா? மணற்காட்டுக்குக் கொண்டு போகலாம். அங்கே தெரு லைற் தொல்லை குறைவு.


ஒளியாண்டு
செப்டெம்பர் 12, பகல் 12.40

கிடைக்கும். 130 மில்லிமீற்றர் ஆடி உள்ளது. நான் நாளைக்குக் கொழும்பில், வர ஏலாது. நண்பன் பொருத்தித் தருவான், வழியை நான் சொல்கிறேன்.

செப்டெம்பர் நல்ல மாதம். சோளகம் ஓய்ந்து வாடை மழை தொடங்குவதற்குள் பார்த்துவிட வேண்டும். இரவு பத்து மணியளவில் தெற்கே திரும்பி நில்லுங்கோ. தென்கிழக்கில் தனியாக, பக்கத்தில் வேறு வெளிச்சமே இல்லாமல் ஒன்று நிற்கும். அது பொமல்ஹோட், மீனின் வாய். அதிலிருந்து மேற்கே, கையை நீட்டி விரல்களை விரித்தால் பெருவிரலுக்கும் சின்னவிரலுக்கும் இடைப்பட்ட தூரத்துக்குச் சற்றுக் குறைய வந்தால் மங்கலான இரண்டு விண்மீன்கள் மேலும் கீழுமாக நிற்கும். மேலே தீற்றா, கீழே அயோட்டா. இரண்டுக்கும் இடையில் முழுநிலா நாலரை வைக்கலாம். அந்த இரண்டையும் ஒரு பக்கமாக வைத்து மேற்குப் பக்கம் சமபக்க முக்கோணம் போடுங்கோ. மூன்றாவது முனைதான் சாமய. வானத்தில் இவ்வளவு ஒழுங்காக முக்கோணம் அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம்.


வடமராட்சியான்
செப்டெம்பர் 14, காலை 7.15

பார்த்தோம்! நேற்று இரவு 10.20. மகள், நான், மச்சான், கூடவே வந்த ஒரு ஊர் நாய். மணல் காற்றுக்குக் கண்ணைத் திறக்க முடியவில்லை, ஆடிக்குள் மண் போய்விடும் என்று சாரத்தால் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றோம். அயோட்டாவைப் பிடித்து, முக்கோணம் போட்டு, மூன்றாவது முனையில் ஒரு புள்ளி. மகள் கொப்பியில் கீறியிருக்கிறாள், படம் போட்டிருக்கிறேன். ஒப்படையில் “நான் சாமய விண்மீனைக் கண்டேன்” என்று எழுதியும் முடிந்தது.


ஒளியாண்டு
செப்டெம்பர் 14, காலை 10.50

அண்ணை, சொல்ல மனமில்லாமல் சொல்கிறேன். மகள் வடிவாகக் கீறியிருக்கிறா, அதனால்தான் பிழையே தெரிகிறது. இந்த வகைத் தொலைநோக்கியில் காட்சி தலைகீழாகத் தெரியும். மேற்கு கிழக்காகிவிடும். நீங்கள் முக்கோணத்தை மற்றப் பக்கம் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது ஏதோ ஒரு அநாமதேய விண்மீன். சொல்ல மறந்தது என் பிழை.


பனங்காய்ப்பணியாரம்
செப்டெம்பர் 14, காலை 10.58

சமாதானத்தைக் கண்டோம் என்று அறிவித்து மறுநாள் அது வேறு என்று தெரியவருவது எங்கள் நாட்டுக்குப் புதிதா?


மட்டுறுத்துநர்
செப்டெம்பர் 14, காலை 11.30

இதை நீக்குவதா என்று யோசித்தேன். இருக்கட்டும்.


துலாமிதி
செப்டெம்பர் 14, மாலை 6.00

பிள்ளை அழுதிருந்தால் சொல்லுங்கோ: 1995க்கு முன்னம் கோள் கண்டோம் என்று அறிவித்துப் பிறகு திருப்பி வாங்கியவர்களும் இருக்கிறார்கள், பெரிய தொலைநோக்கியில் பார்த்தவர்கள்.


வடமராட்சியான்
செப்டெம்பர் 21, காலை 8.20

நேற்று மறுபடி போனோம். இந்த முறை ஒளியாண்டுத் தம்பியும் வந்தார், மாஸ்ரரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனோம். இன்று அமாவாசை என்பதால் நல்ல இருட்டு. காற்றும் இல்லை. முதலில் மகளுக்குக் கிழக்கே நின்ற சனியைக் காட்டினார்கள். வளையம் இந்த வருடம் எங்களுக்கு விளிம்பைக் காட்டுவதால், குண்டுமணிக்குள் ஊசி குத்தியது மாதிரி இருந்தது. மகள் சனியை விட்டு வர மாட்டேன் என்று நின்றாள். பிறகுதான் தென்மீன்.

தம்பி அயோட்டாவைக் காட்சி வட்டத்தின் ஓரத்தில் கொண்டுவந்து, குழாயை மயிரளவு நகர்த்தினார். எதிர் ஓரத்தில் ஒரு புள்ளி உள்ளே வந்தது. வெள்ளையில் மஞ்சள் ஒரு துளி. அவ்வளவுதான். ஊசித்துளை. சுற்றிவர அதைவிட மங்கலான மூன்று நாலு. தம்பி போனில் வரைபடத்தை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுவிட்டு, “ஓம், இதுதான்” என்றார். மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தவர், நாங்கள் கூப்பிடும்வரைக்கும் நிமிரவில்லை. நான் பார்க்கும்போது ஒரே ஒரு யோசனைதான் வந்தது: இது இப்போதும் ஆடிக்கொண்டிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

ஒப்படையைத் திருத்தித் தரலாமா என்று மகள் முன்னமே ரீச்சரிடம் கேட்டு வைத்திருந்தாள். முழுக்க மாற்றி எழுதத் தேவையில்லை, பிழையை அப்படியே விட்டு, கீழே திகதி போட்டு ஒரு வரி சேர் என்றாராம். வந்து படுக்குமுன் எழுதியிருக்கிறாள்:

“செப்டெம்பர் 20, இரவு 9.50. போன கிழமை பார்த்தது வேறு விண்மீன். இன்று பார்த்தது சாமய. சமகிய தெரியவில்லை.”